‘எல்லாம் சரியாப் போகுது சார்’: பணியிடம் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்பா தொடங்கிய பட்டறையை நான்கு ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். கணினி வழி இயங்கும் சி.என்.சி. எந்திரங்களும் சில பழைய லேத்துகளுமாக 34 பேர் வேலை செய்கிறார்கள். திங்கட்கிழமைதோறும் கூட்டம் போட்டு, குறை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். ‘எல்லாம் சரியாப் போகுது சார்’ என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. சென்ற மாதம் அனுப்பிய புஷ்களில் (நடுவில் துளையுள்ள உருளை உதிரிபாகங்கள்) உள்விட்டம் கூடுதலாக இருக்கிறது என்று 600 உருப்படிகள் திரும்பி வந்துவிட்டன. விசாரித்தால், துளையைக் கடையும் போரிங் பார் ஆடுவது ஆப்பரேட்டருக்கு மூன்று நாள் முன்பே தெரியும் என்கிறார்கள். சம்பளத்தில் குறை வைக்கவில்லை. யாரையும் நான் திட்டுவதும் இல்லை. பிறகு ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: சொல்லாமல் இருந்த அந்த ஆப்பரேட்டரைச் சற்று ஒதுக்கி வையுங்கள். அவருக்கு முன் உங்களிடம் ஒரு குறையைக் கொண்டுவந்தவர் யார், கொண்டுவந்த பிறகு அவருக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். ‘அதுவரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்தே?’ என்று ஃபோர்மேன் அவரையே குற்றவாளி ஆக்கியிருப்பார். ‘நீதானே சொன்னே, ஞாயிற்றுக்கிழமை வந்து நீயே சரி பண்ணிடு’ என்று வேலை அவர் தலையிலேயே விழுந்திருக்கும். அல்லது நீங்கள் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியிருப்பீர்கள்.

மூன்றிலும் பொல்லாதது இந்தப் ‘பார்க்கலாம்’. வரன் பார்க்க வந்தவர் முதல் கைமாற்று கேட்டு வந்தவர் வரை, யாரையும் மனம் நோகாமல் திருப்பி அனுப்புவதற்கென்றே நாம் வைத்திருக்கும் சொல் அது. அதன் பொருள் உங்கள் தொழிலாளிக்கும் நன்றாகவே தெரியும். திட்டு வாங்கியவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் சொல்ல வந்தாலும் வருவார். ‘பார்க்கலாம்’ வாங்கியவர் திரும்பி வருவதில்லை. யாரையும் திட்டுவதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நம்புகிறேன். அது நல்ல குணம்தான், ஆனால் இந்த நோய்க்கு மருந்து அல்ல.

இதில் எனக்கும் ஒரு பழைய கடன் உண்டு. 1980களின் இறுதியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிற்சாலையில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். டைம் ஆபீஸ் வாசலில் பச்சை வண்ணம் அடித்த யோசனைப் பெட்டி ஒன்று தொங்கியது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. டைம் ஆபீஸை வேறு கட்டடத்துக்கு மாற்றிய நாளில் பூட்டை உடைத்துப் பார்த்தோம். உள்ளே சில பஸ் டிக்கெட்டுகளும் ஒரு சோடா மூடியும் பதினோரு காகிதங்களும் இருந்தன. ஒன்றில், ‘மூணாம் நம்பர் பிரஸ்சுக்கு மேலே லைட்டு எரியலை, ஸ்கேலில் கோடு தெரியலை’ என்று பென்சிலால் எழுதித் தேதியும் போட்டிருந்தது. தேதி பதினான்கு மாதங்களுக்கு முந்தையது. விளக்கு அன்றைக்கும் எரியவில்லை. அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அளவு தவறியதற்காக அவருக்கு இரண்டு முறை மெமோ கொடுத்து, அதே கையெழுத்தைப் பெற்றுக்கொண்டவன் நான்தான்.

உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே, பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998ஆம் ஆண்டு, தர மேலாண்மைக்கான டெமிங் பரிசை வென்றது. ஜப்பானில் 1951 முதல் வழங்கப்படும் அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. யாருடைய பெயரில் அந்தப் பரிசு வழங்கப்படுகிறதோ அந்த அமெரிக்கத் தர வல்லுநர் டெமிங், நிர்வாகத்துக்கு வகுத்துக் கொடுத்த 14 நெறிகளில் ஒன்று, பணியிடத்திலிருந்து அச்சத்தை வெளியேற்றுங்கள் என்பது. இதைப் பலர் ‘அன்பாகப் பேசுங்கள்’ என்று சுருக்கிப் புரிந்துகொள்கிறார்கள். டொயோட்டா தொழிற்சாலையில் தொழிலாளியின் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும் என்பதையும், கோளாறு கண்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம் என்பதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இழுத்த மறுகணம் குழுத் தலைவர் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறார், இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள், குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கிறது. ஆள் வந்து நிற்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். ஆள் வராத இடத்தில் கயிற்றை மட்டும் கட்டினால் அது துணி உலர்த்தத்தான் உதவும்.

இனி உங்கள் பட்டறைக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது: உருப்படி எண்ணிக்கைக்கு இன்சென்டிவ், அதாவது ஊக்கத்தொகை, கொடுக்கிறீர்களா? கொடுக்கிறீர்கள் என்றால், எந்திரத்தை நிறுத்தி உங்களைக் கூப்பிடும் ஒவ்வொரு மணி நேரமும் ஆப்பரேட்டரின் பையிலிருந்து போகிறது. நிறுத்தாமல் ஓட்டினால் வரும் நட்டமோ உங்கள் பையிலிருந்து போகிறது. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பு படித்தவரும் போட்டுவிடுவார். கோளாறு சொல்லி நிறுத்திய நேரத்துக்கு அவருடைய சராசரி இன்சென்டிவ் உண்டு என்று எழுதி ஒட்டுங்கள். அதற்கு ஆகும் செலவை, திரும்பி வந்த 600 புஷ்களின் இரும்பு விலையோடும் எந்திர நேரத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தால், உங்களுக்குத் தூக்கம் நன்றாக வரும்.

அடுத்து, துளையின் அளவைச் சோதிக்கும் பிளக் கேஜ் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று எந்திரங்களுக்கு ஒன்று என்றால், முதல் முறை அதைத் தேடி நடப்பவர், இரண்டாம் முறை பக்கத்து எந்திரத்தில் கேட்பவர், மூன்றாம் முறை கண்ணால் பார்த்தே டிரேயில் போடுவார். இது ஒழுக்கக் கேடு என்று தோன்றும். வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் ஒழுக்கக் கேடு அது.

திங்கட்கிழமைக் கூட்டத்தை இரண்டு மாதங்களுக்கு நிறுத்தி வையுங்கள். முப்பது பேர் சுற்றி நிற்கும்போது ‘என் எந்திரத்தில் கோளாறு’ என்று சொல்வது, நம்மவர்களுக்கு ‘என் மேல் கோளாறு’ என்று சொல்வதற்குச் சமம். அதற்குப் பதிலாக ஷிஃப்ட் தொடங்கி இருபது நிமிடம் எந்திரங்களின் பக்கத்தில் நில்லுங்கள். ‘குறை ஏதாவது உண்டா?’ என்று கேட்காதீர்கள், அதற்கு ‘இல்லை’ என்ற பதில் தயாராக இருக்கிறது. ‘நேற்று எந்த அளவு நிற்கலை?’, ‘எந்த இன்சர்ட் (வெட்டும் முனை) சீக்கிரம் தேயுது?’ என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு வசதியான கேள்விகள் இவை. கேட்டதை டீ குடிக்கும் இடத்தில் தொங்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லோரும் பார்க்க எழுதுங்கள்: யார் சொன்னது, என்ன சொன்னது, எந்தத் தேதிக்குள் பதில், என்ன பதில். செய்ய முடியாது என்றால் ‘முடியாது’ என்றே எழுதிக் காரணத்தையும் எழுதுங்கள். முடியாது என்பதும் ஒரு பதில்தான், ‘பார்க்கலாம்’ என்பதைவிட ஆயிரம் மடங்கு மேலான பதில். முதலில் வருபவை குழாய், மின்விசிறி, கையுறை என்று அற்பமாகவே இருக்கும். உங்களை ஆழம் பார்க்கிறார்கள். அவற்றை இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தால்தான் போரிங் பார் விஷயம் உங்கள் காதுக்கு வரும்.

அப்பா காலத்து ஆட்களும் அங்கே இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் உங்களைப் பள்ளிக்கூடச் சீருடையில் பார்த்தவர்கள். எதிரில் ‘சார்’, டீக்கடையில் ‘தம்பி’. அவர்களில் எல்லோரும் மதிக்கும் ஒருவரிடம் அந்த நோட்டை ஒப்படையுங்கள். பேச்சு தானாக நடக்கும்.

அந்த ஆப்பரேட்டருக்கு மெமோ வேண்டாம். மூன்று நாள் முன்பே அவர் எதைக் கண்டு சந்தேகப்பட்டார் என்று அவரையே மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். போரிங் பார் ஆடுவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆள் உங்களிடம் இருக்கிறார் என்பது இந்த 600 புஷ் செலவில் உங்களுக்குத் தெரியவந்திருக்கிறது.


கேள்வி: ‘பயம் இருந்தால்தான் வேலை நடக்கும், அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்கிறார் எங்கள் மேலாளர். எல்லோர் முன்னிலையிலும்தான் கண்டிக்கிறார். சரியா?
— ஒரு வாசகர், கிண்டி

பதில்: அவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நடக்கும். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. பழமொழியைப் பொறுத்தவரை, அடிக்கிற கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் அணைத்தவை மிகச் சில.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு பிரஸ் ஓட்டுபவரை அங்கேயே, அப்போதே, உரத்த குரலில் நிறுத்தத்தான் வேண்டும். விரல் போன பிறகு தனியறையில் கூப்பிட்டு இதமாகப் பேசிப் பயனில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.


கேள்வி: தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவுக்கு நான் ஃப்ளோர் சூப்பர்வைசர். என் கீழ் 22 பெண் பிள்ளைகள். பாதிக்கு மேல் தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடை விடுதியில் தங்கியிருப்பவர்கள். மாலை ஏழு மணிக்கு மேல் வாடிக்கையாளர் வந்தாலும் அசையாமல் நிற்கிறார்கள், முகத்தில் சிரிப்பே இல்லை என்று முதலாளி என்னைத்தான் கேட்கிறார். அவர்களை உற்சாகமாக வைத்துக்கொள்ள என்ன பயிற்சி கொடுக்கலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பயிற்சியைப் பிறகு பார்ப்போம் சகோதரி, முதலில் நாற்காலியைப் பற்றிப் பேசுவோம். காலை ஒன்பதரைக்கு நின்ற கால் இரவு ஏழு மணிக்கு எந்த நிலையில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்களும் அதே தரையில் நின்று மேலே வந்தவராகத்தான் இருப்பீர்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோர் அனைவருக்கும் உட்கார இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்று, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. கேரளத்துக்கு அடுத்து நம் மாநிலத்தில் வந்த இந்தத் திருத்தத்துக்கு, நீங்கள் வேலை செய்வது போன்ற ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளுமே பெரிய காரணம்.

ஸ்டூல் வந்திருக்கும். ஆனால் அது ரேக்குக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அல்லது அதன்மேல் துப்பட்டா கட்டு இருக்கும். சட்டம் இருக்கையைக் கொடுத்தது. உட்காரும் தைரியத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, ஆள் இல்லாத மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் பார்க்க முதலில் நீங்கள் உட்காருவது. முதலாளி சிசிடிவியில் பார்த்துவிட்டுக் கேட்டால், ‘ஏழு மணிக் கூட்டத்துக்காக இப்போது கால்களை மிச்சம் பிடிக்கிறோம் ஐயா’ என்று விற்பனைக் கணக்கின் மொழியிலேயே சொல்லுங்கள். அந்த மொழி அவருக்கு உடனே புரியும். ஏழெட்டுப் பேராகப் பிரித்து, முறை வைத்து உட்கார வைத்தால் தளத்தில் ஆள் குறையவும் குறையாது.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் இந்த முறை கலைந்துதான் போகும். அதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்ன கஷ்டத்தைத் தாங்கிக்கொள்பவர்கள், திடீரென்று தலையில் விழுந்ததைத் தாங்குவதில்லை. சிரிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், கால் வலி குறைந்தவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.


கேள்வி: சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு டீம் லீடாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. ஒன்பது பேர் கொண்ட குழுவில் இருவர் என்னைவிட அனுபவத்தில் மூத்தவர்கள். ஒருவன் என் கல்லூரி நண்பன், வேளச்சேரியில் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். மீட்டிங்கிலும் ‘டேய்’ என்றுதான் கூப்பிடுகிறான். மூத்தவர்களோ எதைச் சொன்னாலும் ‘ஓகே’ என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் போக்கில் செய்கிறார்கள். அடுத்த மாதம் இவர்களுக்கெல்லாம் நான் ரேட்டிங் போட வேண்டும். எப்படி இவர்களை வழிநடத்துவது?
— 27 வயது வாசகர்

பதில்: ‘டேய்’யை விட்டுவிடுங்கள். நேற்று வரை இருந்த அழைப்பை இன்று மாற்றச் சொன்னால், பதவி தலைக்கேறிவிட்டது என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் ஃபுட் கோர்ட் முழுக்கப் பரவிவிடும். ஆனால் அறையை மாற்றிக்கொள்ளுங்கள். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. நீங்கள் எவ்வளவு நேர்மையாக ரேட்டிங் போட்டாலும், அவனுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தால் மற்ற எட்டுப் பேரும் நம்ப மாட்டார்கள். கிடைக்காவிட்டால் இரவு தோசை ஊற்றும்போது அவன் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது. ரேட்டிங்குக்கு முன்பே, வெளியில் எங்காவது உட்கார்ந்து, ‘இந்த வேலையில் உனக்குப் பிடிக்காத முடிவை நான் எடுக்க வேண்டி வரும், அன்றைக்கு முதலில் உன்னிடம்தான் சொல்வேன்’ என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். நட்பு தாங்கும், தாங்காத நட்பு என்றால் அதுவும் தெரிந்துவிடும்.

மூத்தவர்கள் இருவரும் உங்களை எதிர்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் காத்திருக்கிறார்கள். தங்களுக்கு வர வேண்டியது உங்களுக்கு வந்தது என்ற வருத்தம் அவர்களுக்கு இருக்கும், அதை நீங்கள் தீர்க்க முடியாது, தீர்க்க முயன்று அசடு வழியவும் வேண்டாம். ‘உங்க அனுபவம் எங்களுக்குத் தேவை சார்’ என்ற பொதுப்படையான பாராட்டு, பொன்னாடை போர்த்துவதைப் போன்றது. வாங்கிக்கொண்டவர் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஒரு முடிவை முழுதாகக் கொடுங்கள். மென்பொருளின் புதிய பதிப்பை நள்ளிரவில் ரிலீஸ் செய்யலாமா வேண்டாமா என்பதை அவர்களில் ஒருவரே சொல்லட்டும், அவர் ‘வேண்டாம்’ என்றால் வாடிக்கையாளரிடம் நின்று பதில் சொல்பவர் நீங்களாக இருங்கள். ஒரே ஒரு முறை அவர் சொல்லுக்காக நீங்கள் மேலிடத்தில் திட்டு வாங்கிக்கொண்டு வந்தால் போதும், ‘ஓகே’ என்ற ஒற்றைச் சொல் நீளத் தொடங்கும்.

ரேட்டிங்கைப் பற்றி ஒன்று. ‘என் கையில எதுவும் இல்ல, மேல முடிவு பண்ணிட்டாங்க’ என்று சொல்லித் தப்பிக்காத டீம் லீடுகளை உங்கள் பழைய மாமல்லபுரம் சாலையில் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று, அங்கே வேலை செய்யும் என் உறவுக்காரப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இத்தனை பேருக்குத்தான் மேல்நிலை என்ற ஒதுக்கீடு உண்மையிலேயே மேலிருந்து வரலாம். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குள் யாருக்கு எது என்று தீர்மானித்தவர் நீங்கள். அதை ஒப்புக்கொண்டு, எந்த வேலையைப் பார்த்து அப்படிப் போட்டீர்கள் என்று சொல்லத் தெரியாவிட்டால் போடாதீர்கள். அதைச் சொல்வதற்கு ஆண்டு இறுதியில் நினைவைத் துழாவக் கூடாது. இன்றிலிருந்தே ஒவ்வொருவருடனும் மாதம் இருமுறை அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள், லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு.


கேள்வி: திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டையில் ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருக்கிறேன். வெல்டர்கள், ஹெல்ப்பர்கள் 18 பேர் பீகார், ஒடிசாவைச் சேர்ந்தவர்கள். தீபாவளி முடிந்ததும் பத்துப் பேர் ஒரே நாளில் ஊருக்குப் போனார்கள். அதில் நால்வர் திரும்பவே இல்லை. லீவு கொடுக்காவிட்டால் சொல்லாமல் போகிறார்கள், கொடுத்தால் வருவதில்லை. அட்வான்ஸைப் பிடித்து வைத்தும் பயனில்லை.
— ஒரு வாசகர்

பதில்: தீபாவளி அமாவாசைக்கு ஆறாம் நாள் பீகாரில் சத் பூஜை. நமக்குப் பொங்கல் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. வீட்டில் தாயோ மனைவியோ நீர்கூட அருந்தாமல் நோன்பிருந்து, நதிக்கரையில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் கொடுக்கும்போது, மகன் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கேட்டுக்கு கிரில் வெல்டிங் செய்துகொண்டிருக்க மாட்டான். அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது, அது உங்களுக்கு எப்போது தெரிய வேண்டும் என்பது மட்டுமே.

ரயிலில் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. முன்பு 120 நாட்களாக இருந்ததை 2024 நவம்பர் முதல் குறைத்துவிட்டார்கள். சத் பூஜைக் காலத்து டிக்கெட்டுகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே, எழுபது நாட்களுக்கு முன்பே 18 பேரையும் உட்கார வைத்து, யார் சத் பூஜைக்கு, யார் ஹோலிக்கு, ஒடிசாக்காரர்களில் யார் துர்கா பூஜைக்கு என்று பட்டியல் போட்டுவிடுங்கள். அலுவலகத்துப் பிள்ளையை விட்டுப் போக, வர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். வரும் டிக்கெட் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். முன்பதிவில்லாத பெட்டியில் ஏறத்தாழ இரண்டு நாள் நின்றுகொண்டே வர வேண்டும் என்ற நினைப்பே, ஊரில் கிடைக்கும் குறைந்த கூலி வேலையை நல்லதாகக் காட்டிவிடும். கையில் படுக்கை டிக்கெட் இருப்பவர் கிளம்பிவிடுவார்.

அட்வான்ஸைப் பிடித்து வைப்பது, அவர்கள் ஊருக்கு எடுத்துச் செல்லும் செய்தியாக மாறுகிறது என்பதையும் யோசியுங்கள். அடுத்த ஆண்டு உங்களுக்கு வர வேண்டிய வெல்டர், அந்த நால்வரின் ஊர்க்காரராகத்தான் இருப்பார். கணக்கை முடித்து, வங்கிக் கணக்கில் போட்டு, பி.எஃப். எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பினால், போனவர் வராவிட்டாலும் அவர் தம்பி வருவார்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒரு சொல். அந்தப் பதினெட்டுப் பேரையும் ‘ஏய், பையா’ என்று ஒரே பெயரால் உங்கள் சூப்பர்வைசர் கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். ஹிந்தி தெரியாமலேயே கற்றுக்கொள்ளக்கூடிய சொற்கள் பதினெட்டு இருக்கின்றன, அவை அவர்களுடைய பெயர்கள்.


கேள்வி: மாதத்துக்கு ஒரு ‘ஃபன் ஃப்ரைடே’, ஆண்டுக்கு ஒரு முறை ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் ஊக்கப் பேச்சாளர். இவற்றால் ஊழியர்களுக்கு வேலையில் பிடிப்பு உண்டாகுமா?
— ஒரு மனிதவள அலுவலர், நுங்கம்பாக்கம்

பதில்: பேச்சாளருக்கு நிச்சயம் உண்டாகும். பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டுங்கள். பலூன் ஊதுவதை நான் வெறுக்கவில்லை. ஆயுத பூஜையன்று எந்திரத்தைத் துடைத்துச் சந்தனம் வைத்து, பொரிகடலையை எல்லோரும் ஒரே தாம்பாளத்திலிருந்து அள்ளுவதில் உள்ள நெருக்கம் எனக்குத் தெரியும். அதை அவர்களே செய்கிறார்கள் என்பதுதான் அங்கே விஷயம்.


கேள்வி: பெரம்பூருக்கு அருகில் 280 பேர் வேலை செய்யும் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வந்த பொது மேலாளர், உற்பத்தியைக் கூட்டுவதற்காக மதிய உணவு இடைவேளையை 40 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாகக் குறைத்துவிட்டார். சட்டப்படி அது போதும் என்கிறார். ஆட்கள் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரமாக எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இதை அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?
— ஒரு வாசகி

பதில்: சட்டக் கணக்கில் அவர் சொல்வது சரி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த வரம்பு, ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு. ஆனால் உங்கள் மேலாளர் வந்து சேர்ந்திருக்கும் ஊர் பெரம்பூர் என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்று அங்கேதான் பிறந்தது. பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. உள்ளிட்டோர் துணையாகவும் நின்ற அந்தச் சங்கத்தில் திரண்டவர்கள் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள். மதிய உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது, அவர்கள் முதலில் முன்வைத்த குறைகளில் ஒன்று. கூலியைப் பற்றிய வழக்குகளெல்லாம் இருக்க, சோற்றுக்கு விடும் நிமிடங்கள் ஏன் அவ்வளவு சுட்டன என்பதை, கை கழுவ வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

வரலாற்றைச் சொல்லி அவரை மாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. ஒரு கைக்கடிகாரத்தோடு கேண்டீன் வாசலில் மூன்று நாள் நில்லுங்கள். சைரன் ஒலித்ததிலிருந்து கடைசி ஆள் கிரீஸ் போகக் கை கழுவி முடிக்க எத்தனை நிமிடம், சாம்பார் வாளி காலியாகி அடுத்தது வர எத்தனை நிமிடம், தட்டைக் கழுவும் குழாய்கள் எத்தனை, அவற்றில் தண்ணீர் வருபவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். 280 பேருக்கு நான்கு குழாய் என்றால், அந்தப் பத்து நிமிடத்தை அவர் வெட்டியது எங்கிருந்து என்பது காகிதத்தில் தெரிந்துவிடும்: கடைசியாக வரிசையில் நிற்கும் எண்பது பேருடைய சோற்றிலிருந்து. அவர்கள் பாதி வயிற்றோடு எந்திரத்துக்குத் திரும்பி, மூன்று மணிக்கு டீக்கு முன்பாகவே தளர்ந்துபோகிறார்கள். எண்ணிக்கை எந்த மணி நேரத்தில் குறைகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அதோடு அவரை ஒரு நாள் சாப்பாட்டுக்கு அழைத்து வாருங்கள். மேலாளர்களுக்கென்று தடுத்து வைத்த மேசைக்கு வேண்டாம். சைரன் அடித்து ஐந்து நிமிடம் கழித்து, வரிசையின் கடைசியில் நிறுத்துங்கள்.